நீலக்குறிஞ்சியும் அது நிற்கும் புல்வெளியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரை உயர்ந்த புல்வெளிச் சரிவுகளில் வளரும் நீலக்குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பூத்து, விதை முற்றியதும் அடியோடு பட்டுப்போகும் புதர்ச்செடியாகும். அது பூக்கும் ஆண்டில் மூணாற்றுக்கும் கோடைக்கானலுக்கும் மக்கள் இலட்சக்கணக்கில் திரள்கின்றனர். எஞ்சிய பதினோர் ஆண்டுகளிலோ அச்செடி நிற்கும் சரிவைத் திரும்பிப் பார்ப்போர் மிகச் சிலரே. தமிழ் இலக்கியத்தில் ஒரு திணைக்கே பெயர் தந்த இப்பூவைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் தன் செம்பட்டியலில் சேர்த்தது. செம்பட்டியல் என்பது உலகின் உயிரினங்கள் ஒவ்வொன்றும் அழிவை எந்த அளவுக்கு நெருங்கியுள்ளது என்பதை மதிப்பிட்டு வகைப்படுத்தும் பதிவேடு. அதில் நீலக்குறிஞ்சிக்குக் கிடைத்த இடம், இப்போதைய போக்கு மாறாவிட்டால் இயற்கை வாழிடத்திலிருந்து மறையும் இடர் மிகுந்த இனங்களுக்கு உரியது. இந்த மதிப்பீட்டின்படி இச்செடி 34 கூட்டங்களாகச் சிதறி வாழ்கிறது; அவற்றுள் 33 மேற்குத் தொடர்ச்சி மலையிலும், ஒன்று மட்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த ஏற்காட்டிலும் உள்ளன. அதன் வாழிடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஏற்கெனவே அழிந்துவிட்டது.

தாவரவியலார் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்று வழங்கும் இச்செடி, தமிழர் வீட்டுத் தோட்டங்களில் வளரும் கனகாம்பரமும், மருந்துக்கு உதவும் ஆடாதோடையும் நிலவேம்பும் அடங்கிய அகாந்தேசியே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றுக்குத் திறந்த சரிவுகளில் முழங்கால் உயரத்துக்கு மேல் வளராமல் அடர்ந்து படரும் இது, காற்று மறைவும் ஈரமும் உள்ள இடங்களில் ஆளுயரத்தையும் தாண்டுவதுண்டு. கிளை நுனிகளில் கதிர்போல் நெருங்கி அமையும் மணி வடிவப் பூக்கள் வெளிர்நீலமாக மலர்ந்து, நாள் செல்லச் செல்லக் கருநீலமும் ஊதாவும் ஏறப் பெறுகின்றன. ஒரு பூவைத் தனியே கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அதில் பெருவியப்பு எதுவும் தோன்றாமல் போகலாம். இதன் அழகு முழுவதும் எண்ணிக்கையில் உள்ளது. ஒரு சரிவிலுள்ள செடிகள் அனைத்தும் ஒரே பருவத்தில், பெரும்பாலும் சூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில், பூத்துவிடுவதால் மலையின் நிறமே மாறிப்போகிறது.

குறிஞ்சிப் பேரினத்தில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் ஆசியாவின் வெப்பமண்டலங்களில் பரவியுள்ளன. அவற்றுள் சில ஆண்டுதோறும் பூப்பவை; சில ஆறு, ஏழு, எட்டு, பத்து என்று வெவ்வேறு கால இடைவெளியில் பூப்பவை; இன்னும் நெடிய இடைவெளி கொண்டவையும் உள்ளன. பல ஆண்டுகள் பூவாமல் வளர்ந்து, ஓர் ஆண்டில் கூட்டமாகப் பூத்து, விதை தந்து, கூட்டமாகவே மடியும் இவ்வாழ்க்கை முறையை மலைவாழ் மக்கள் மூங்கிலிடத்தும் நெடுங்காலமாகக் கண்டறிந்துள்ளனர். நீலக்குறிஞ்சியைப் பொறுத்தவரை 1838ஆம் ஆண்டு முதல் பூத்த ஆண்டுகளின் வரிசை எழுத்தில் பதிவாகியுள்ளது. இருபதாம் நூற்றாண்டில் 1910, 1922, 1934, 1946, 1958, 1970, 1982, 1994 ஆகிய ஆண்டுகளிலும், அதன்பின் 2006, 2018 ஆகிய ஆண்டுகளிலும் பெரும்பூப்பு நிகழ்ந்தது. அடுத்தது 2030இல் வர வேண்டும். இடையில் வறட்சியும் பெருமழையும் காட்டுத்தீயும் வந்து போயிருந்தும் இக்கணக்குப் பெரிதும் பிசகவில்லை என்பதைக் கொண்டு, பூக்கும் காலத்தை அந்தந்த ஆண்டின் பருவநிலை தீர்மானிப்பதில்லை, செடிக்குள்ளேயே அமைந்த ஒரு காலக்கணக்கே தீர்மானிக்கிறது என்று அறிவியலார் கருதுகின்றனர்.

ஒரு செடி இவ்வளவு நீண்ட காலம் காத்திருப்பதால் அதற்கு என்ன பயன் என்னும் கேள்விக்கு, அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1976இல் மூங்கிலைக் குறித்து எழுதிய விளக்கமே குறிஞ்சிக்கும் பொருத்தமாகச் சொல்லப்படுகிறது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விதைத்தால், எலி, பூச்சி, காட்டுக்கோழி போன்ற விதையுண்ணிகள் அந்த வரவை நம்பியே பெருகி, விதை முழுவதையும் தின்று தீர்த்துவிடும். அதற்கு மாறாக, பல ஆண்டுகள் ஒன்றுமே தராமல் இருந்து, ஒரே பருவத்தில் கணக்கின்றி விதைத்தால், எவ்வளவு தின்றாலும் தின்று மாளாத மிச்சம் மண்ணில் தங்கும். இத்தற்காப்பு பலிக்க வேண்டுமானால் செடிகள் ஒன்றுகூடிப் பூக்க வேண்டும். தன் கூட்டத்தோடு சேராமல் முன்னோ பின்னோ தனியே பூக்கும் செடியின் விதைகள் பெரும்பாலும் இரையாகிவிடும் என்பதால், பிறழ்ந்தவற்றின் வழித்தோன்றல்கள் குறைந்து, காலத்தோடு ஒத்தவையே தலைமுறை தலைமுறையாக நிலைத்தன. கூட்டத்தின் பெருக்கமே இச்செடிக்குக் காப்பு என்னும் இச்செய்தியை நினைவில் கொள்வது, அதற்கு நேர்ந்துள்ள இடரைப் புரிந்துகொள்ளப் பின்னர் உதவும்.

பூக்காலத்தில் தேனீக்கள் பெருந்திரளாகக் குறிஞ்சிச் சரிவுகளை மொய்க்கின்றன. மகரந்தத்தை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும் வேலையை அவையே பெரும்பாலும் செய்கின்றன. ஒரே வகைப் பூவிலிருந்து திரட்டப்படுவதால் அப்போது கிடைக்கும் தேன் தனிச்சுவை உடையதென்று மலைவாழ் மக்கள் போற்றுவர். இத்தொடர்பு இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. தேவகுலத்தார் பாடிய குறுந்தொகையின் மூன்றாம் பாடல், கரிய கொம்புகளை உடைய குறிஞ்சியின் பூக்களைக் கொண்டு பெருந்தேன் இழைக்கப்படும் நாடு என்றே தலைவனின் மலைநாட்டை அடையாளம் காட்டுகிறது. செடியின் தண்டு நிறத்தையும், பூவுக்கும் தேனுக்கும் உள்ள உறவையும் ஒருங்கே குறித்துவைத்த அப்புலவரின் கூர்மை, இன்றைய தாவரவியல் நூல் ஒன்றின் வருணனைக்குக் குறைந்ததன்று. சங்கப் பாடல்கள் சுட்டும் குறிஞ்சி இந்த ஓர் இனம் மட்டுந்தானா, அன்றி அதன் உறவினங்களையும் சேர்த்துக் குறிப்பதா என்பதை இனிப் பிரித்தறிவது அரிது. ஆயினும் மலையும் மலை சார்ந்த நிலமும் இப்பூவின் பெயரால் அழைக்கப்பட்டதற்கு, மலையையே மூடும் அளவுக்கு அது அன்று பூத்திருந்தது என்பதைவிடப் பொருத்தமான காரணம் தேட வேண்டியதில்லை.

பழனி மலையில் வாழும் பளியர் தம் வயதைக் குறிஞ்சி பூத்த முறைகளைக் கொண்டு கணக்கிட்டு வந்தனர் என்பர். முருகன் வள்ளியை மணந்தபோது சூடியது குறிஞ்சி மாலை என்னும் நம்பிக்கை முதுவர் முதலிய மலைவாழ் மக்களிடம் உள்ளது. இலங்கையின் புகழ்பெற்ற தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியும், மேலைநாட்டில் பிறந்து சைவம் தழுவியவருமான லீலாவதி அம்மையார் 1936இல் கோடைக்கானலில் எழுப்பிய குறிஞ்சியாண்டவர் கோயில், இந்நம்பிக்கைக்குக் கல்லால் அமைந்த சான்றாக இன்றும் நிற்கிறது. கோயிலுக்கு வருவோர் தொகை ஆண்டுதோறும் பெருகுகிறது. அக்கோயில் அமைந்த மலையில் குறிஞ்சிக்கு எஞ்சிய இடமோ சுருங்கிக்கொண்டே வந்துள்ளது.

அச்சுருக்கத்தின் காரணத்தை அறிய, பூவை விட்டுப் புல்லைப் பார்க்க வேண்டும். நீலகிரி, ஆனைமலை, பழனி மலை ஆகியவற்றின் உயர்ந்த பகுதிகளில் இயற்கை நிலம் இரு கூறாக அமைந்துள்ளது. நீர் வழியும் மடிப்புகளிலும் பள்ளங்களிலும் சோலை எனப்படும் குட்டையான, அடர்ந்த, என்றும் பசுமையான காடு. அவற்றைச் சூழ்ந்த மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. பனிக்காலத்து உறைபனி திறந்த சரிவில் முளைக்கும் மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவதால், புல்லும் குறிஞ்சி போன்ற புதர்களும் அங்கே நிலைபெறுகின்றன. சோலை மரங்கள் பள்ளங்களில் ஒதுங்குகின்றன. மழையைப் புல்லின் அடர்ந்த வேர்களும் அதன் கீழுள்ள கரிய மண்ணும் ஏற்றுவைத்துச் சோலை ஓடைகள் வழியே சிறுகச் சிறுக வெளிவிடுவதால், கோடையிலும் வற்றாத சுனைகள் இம்மலைகளில் உண்டாயின. பவானியும் அமராவதியும் இத்தகைய உயரங்களிலிருந்தே நீர் பெறுகின்றன. நீலகிரித் தோடர் தம் எருமைகளை மேய்த்ததும், தம் வீடுகளையும் கோயில்களையும் வேய்ந்ததும் இந்நிலத்துப் புல்லைக் கொண்டுதான். வரையாட்டுக்கும் இதுவே மேய்ச்சல் நிலம்.

இப்புல்வெளி, முன்பு காடாக இருந்து மனிதர் வெட்டியதால் வெட்டவெளியானது என்றொரு கருத்து நெடுநாள் வழங்கி வந்தது. சுகுமார் முதலிய இந்திய ஆய்வாளர்கள் நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள மட்கிய தாவரப் பொருளை எடுத்து, அதிலுள்ள கரிம வகைகளின் விகிதத்தை ஆராய்ந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவுகள் அதை மறுத்தன. புல்லும் மரமும் காற்றிலுள்ள கரிமத்தை வெவ்வேறு வழியில் ஏற்பதால், மண்ணில் படிந்த கரிமத்தைக் கொண்டே அக்காலத்தில் அங்கே எது மிகுந்திருந்தது என்று அறியலாம். அவ்வாறு பார்த்தபோது, கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மரமும் புல்லும் மாறி மாறிப் பெருகியும் சுருங்கியும் வந்துள்ளமை தெரியவந்தது. இம்மலைகளில் மரம் வெட்டும் கோடரி ஏறுவதற்கு மிக நெடுங்காலம் முன்பே புல்வெளி இருந்திருக்கிறது.

இதை அறியாத ஆட்சியாளர்களுக்கு மரமற்ற நிலம் பயனற்ற நிலமாகத் தோன்றியது. 1820களில் நீலகிரியில் குடியேறத் தொடங்கிய ஆங்கிலேயர், விறகுக்காகச் சோலைகளை வெட்டி, அது போதாமற்போகவே, 1840களிலிருந்து ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் புல்வெளிகளில் நட்டனர்; வாட்டில், யூகலிப்டஸ் எனப்படுபவை இவையே. தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியிலும், பின்னர் மூணாற்றுப் பகுதியிலும் மலைமலையாகப் பரவின. விடுதலைக்குப் பின் இப்போக்குத் தணியவில்லை; தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டையும், செயற்கை இழைக்கும் காகிதத்துக்கும் மரக்கூழும் தேவைப்பட்டதால், அரசே முன்னின்று புல்வெளிகளில் மரத்தோட்டங்களை எழுப்பியது. நாட்டு வளர்ச்சிக்கான நற்செயலாகவே இது அன்று கருதப்பட்டது. இதன் விளைவை அளந்து காட்டியது, பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு: நாற்பது ஆண்டுகளில் அம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது, அவ்விடத்தைப் பெரும்பாலும் மரத்தோட்டங்களும், அடுத்ததாக விளைநிலங்களும் பிடித்துக்கொண்டன.

நட்ட மரங்கள் நட்ட இடத்தில் நின்றிருந்தால் இழப்பு அவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் சீகை தானாகவே பரவும் இயல்புடையது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, தீப்பட்டாலோ மண் கிளறப்பட்டாலோ முளைத்தெழுவதால், எவரும் நடாத சரிவுகளிலும் அது ஏறிவிடுகிறது. நீலகிரியில் ஸ்காட்ச் புரூம் என்னும் ஐரோப்பியப் புதர், மஞ்சள் பூக்களோடு காண்பதற்கு இனிதாக இருந்துகொண்டே, புல்வெளிகளை மூடி வருகிறது. இவற்றின் நிழல் விழும் இடத்தில் வெயிலை விரும்பும் புல்லும் குறிஞ்சியும் நலிந்து மறைகின்றன.

ஆண்டுதோறும் விதைக்கும் செடிக்கு நேரும் இழப்புக்கும் குறிஞ்சிக்கு நேரும் இழப்புக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே உணர வேண்டும். புல்வெளியில் வாழும் மற்றொரு செடி, ஓர் ஆண்டு தீயிலோ மண்வெட்டியிலோ அழிந்தாலும், முந்தைய ஆண்டுகளில் சிந்திய விதைகளிலிருந்து மீண்டும் எழக்கூடும். குறிஞ்சி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை விதைக்கிறது. பூப்பதற்கு ஓராண்டு முன்னர், பதினோராம் ஆண்டில், ஒரு சரிவு உழப்பட்டாலோ சாலைக்காக வெட்டப்பட்டாலோ, அங்கிருந்த செடிகளின் அத்தனை ஆண்டு வளர்ச்சியும் ஒரு விதைகூடத் தராமல் அழிகிறது. முற்றிய காய்கள் வெடித்து விதைகளைத் தெறிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது குறிஞ்சி. அவ்விதைகள் தாய்ச்செடிக்கு அருகிலேயே விழுவனவாதலால், அழிந்த சரிவுக்கு அடுத்த மலையிலிருந்து விதை வந்து சேரும் வாய்ப்பும் மிகக் குறைவு. அதோடு, முன்னர்ச் சொன்ன தற்காப்பு, கூட்டம் பெரிதாக இருக்கும்வரையே பலிக்கும். தேயிலைத் தோட்டத்தின் ஓரத்திலோ சாலைக் கரையிலோ துண்டுபட்டு நிற்கும் சில நூறு செடிகள் பூத்தால், அவற்றின் விதை விதையுண்ணிகளுக்கே போதாது. அத்தகைய துண்டுகள் வெளிப்பார்வைக்கு உயிருள்ளவையாகத் தோன்றினும் அடுத்த தலைமுறைக்கு உறுதியற்றவை.

இன்னோர் உண்மையும் போதிய கவனம் பெறவில்லை. எல்லாக் குறிஞ்சிக் கூட்டங்களும் 2018ஐயும் 2030ஐயும் ஒட்டியே பூப்பவை அல்ல. இடுக்கி மாவட்டத்தின் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறையில் 2022ஆம் ஆண்டில் நீலக்குறிஞ்சி பெருமளவில் பூத்தது. வேறு சில மலைகளிலும் பெரும்பூப்புக்கு முன்னும் பின்னும் பூத்த கூட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கூட்டமும் தனக்கெனத் தனிக் காலக்கணக்கைத் தலைமுறைகளாகக் காத்து வருவதால், ஒரு சிறு மலையிலுள்ள கூட்டம் அழியும்போது வேறெங்கும் இல்லாத ஒரு பூக்கும் முறையும் அதனோடு மறைகிறது. தேசியப் பூங்காவுக்குள் பல ஆயிரம் செடிகள் இருக்கின்றன என்னும் ஆறுதல் இந்த இழப்பை ஈடுசெய்யாது.

காணவரும் மக்களின் அன்பும் சில வேளை இடராகிறது. பூங்கொத்துகளைப் பறிப்பதும், படம் எடுப்பதற்காகச் செடிகளுக்கு நடுவே நடப்பதும், வேரோடு பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு செல்வதும் ஒவ்வொரு பூக்காலத்திலும் நிகழ்கின்றன. பறித்த பூ ஒவ்வொன்றும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பூத்திருக்கக்கூடிய செடிகளின் விதை. பிடுங்கிய செடியோ சமவெளியின் வெப்பத்தில் பிழைப்பதில்லை, பிழைத்தாலும் தன் கூட்டத்தை விட்டுப் பிரிந்தபின் அதற்கு வழித்தோன்றல் இல்லை. 

பாதுகாப்பு முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இரவிகுளம், வரையாட்டின் பொருட்டு அமைந்ததாயினும், ஆனைமுடியைச் சூழ்ந்த அதன் 97 சதுர கிலோமீட்டர் பரப்பு குறிஞ்சிக்கும் அரணாக விளங்குகிறது. நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவும், 2013இல் அறிவிக்கப்பட்ட கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் தமிழகப் பகுதியின் புல்வெளிகளுக்குச் சட்டக் காப்பளிக்கின்றன. திருவனந்தபுரத்தையும் கோடைக்கானலையும் சார்ந்த இயற்கை ஆர்வலர்கள் நெடுங்காலம் நடத்திய இயக்கத்தின் பயனாக, 2006ஆம் ஆண்டுப் பூக்காலத்தில், இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, கொட்டக்கம்பூர் ஊர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 3,200 எக்டேர் நிலத்தில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நீலக்குறிஞ்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு பூவுக்கென்றே சரணாலயம் அமைந்தது பெருமைக்கு உரியதே. ஆயினும் அவ்வெல்லைக்குள் தனியார் நில உரிமைக் கோரிக்கைகளும் கற்பூர மரத்தோட்டங்களும் இருந்தமையால், எல்லையை முடிவாக வரையறுப்பது ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது நீலக்குறிஞ்சி அதன் மூன்றாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதன்படி செடியைப் பிடுங்குவதும் அழிப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். செடியைப் பறிப்பவரை இச்சட்டம் தடுக்கும்; சரிவில் தானே ஏறிவரும் சீகையை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை.

அதைத் தடுக்க மண்ணில் இறங்கி உழைக்க வேண்டும். அயல் மரங்களை வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் மண்ணில் உறங்கும் சீகை விதைகள் ஆயிரக்கணக்கில் முளைப்பதால், பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கன்றுகளைப் பிடுங்கி, அந்த மலைக்கே உரிய புல்வகைகளை நாற்றங்காலில் வளர்த்து, கொத்துக் கொத்தாக நட்டு, அவை நிலத்தை மூடும்வரை காவல் காக்க வேண்டியிருக்கிறது. பழனி மலையில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை போன்ற சிறு அமைப்புகள் உள்ளூர்த் தாவரங்களை நாற்றங்காலில் பெருக்கும் கலையைப் பல ஆண்டுகள் பொறுமையோடு வளர்த்தெடுத்தன. அம்மலையின் தாவரங்களை முழுமையாகத் தொகுத்து 1999இல் பெருநூலாக வெளியிட்ட திருச்சிராப்பள்ளித் தாவரவியலாளர் கே. எம். மேத்யூ அடிகளாரின் உழைப்பு, எந்தச் சரிவில் எதை நட வேண்டும் என்னும் கேள்விக்கு விடை தரும் அடிப்படையாக அமைந்தது. அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கெனத் தமிழக அரசும் 2022இல் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இவற்றுக்கு இடையே, காற்றிலுள்ள கரிமத்தைக் குறைக்கும் நோக்கில் மலைப் புல்வெளிகளிலும் மரம் நடலாம் என்னும் எண்ணம் புதிய வடிவில் தலைதூக்குவது கவலைக்குரியது. புல்வெளியின் மண்ணே பெருமளவு கரிமத்தைத் தாங்கியிருக்கும்போது, அங்கே மரம் நடுவதால் ஊற்றும் குறிஞ்சியும் அழிவதைத் தவிர வேறு விளைவு இராது.

2018இல் விழுந்த விதைகளிலிருந்து முளைத்த செடிகள், மண்ணும் வெயிலும் கிடைத்த இடங்களிலெல்லாம் இப்போது பூவின்றி, பார்ப்பவர் கண்ணுக்குச் சாதாரணப் புதராக வளர்ந்துகொண்டிருக்கின்றன. இந்த இடைக்காலத்தில்தான் அவை நிற்கும் சரிவுகளைக் கூட்டம் கூட்டமாக வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் பூக்கும் என்பதைப் பதிந்து, காப்பு வேலிக்கு வெளியே தனியார் தோட்டங்களிலும் வருவாய்த் துறை நிலங்களிலும் உள்ளவற்றைத் தனியே அடையாளம் காண வேண்டும். அப்பட்டியல் கையில் இருந்தால்தான், ஒரு சாலையோ விடுதியோ மரத்தோட்டமோ அச்சரிவுக்குத் திட்டமிடப்படும்போது, அங்கே குறிஞ்சி இருக்கிறது என்று பூ இல்லாத ஆண்டிலும் சுட்டிக்காட்டி அதைத் தடுக்க இயலும்.